"30 வெற்றி, 0 தோல்வி" என்று போட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறைக் குத்துச்சண்டை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் வெல்டர்வெயிட் எடைப் பிரிவு வீரர்களைப் பற்றித் தங்கள் இதழில் கட்டுரை வந்தது உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒரே ஒரு குறை. கட்டுரை முழுக்க வெற்றி எண்ணிக்கையையே சுற்றி வருகிறது: இத்தனை போட்டி, இத்தனை நாக் அவுட், தோல்வியே கிடையாது. அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது, எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

புதிதாக வருகிறவருக்கு முதலில் 4 ரவுண்டு போட்டிதான் கிடைக்கும். பிறகு 6, 8, 10 என்று ஏறி, பட்டப் போட்டிக்கு 12 ரவுண்டு. எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் மேட்ச்மேக்கர். ஆரம்பத்தில் தோற்கக்கூடிய ஆளாகத்தான் பார்த்துப் பிடிப்பார். இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது, ஒழுங்காகச் செய்தால் இதுவும் பயிற்சிதான். ஒரு போட்டிக்கு இடதுகைக்காரர், அடுத்ததற்கு நெட்டையானவர், அதற்கடுத்து விலாவில் அடிப்பவர், பிறகு எவ்வளவு அடித்தாலும் விழாமல் கடைசி ரவுண்டு வரை நிற்கும் பழைய ஆள். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்த 20 வெற்றியும், ஒரே மாதிரி ஆட்களை இரண்டு ரவுண்டில் சாய்த்து வந்த 20 வெற்றியும் பத்திரிகையில் ஒன்றுபோலத்தான் தெரியும். 1993 செப்டம்பரில் பெர்னல் விட்டேக்கரின் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக ஹூலியோ சீசர் சாவேஸ் மோத வந்தபோது அவர் கணக்கு 87 வெற்றி, தோல்வி இல்லை. சாவேஸ் மாபெரும் வீரர், சந்தேகமே இல்லை. ஆனால் அன்று விட்டேக்கரின் தலை எங்கே இருக்கிறது என்றே அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடுவர்கள் டிரா என்றார்கள். விட்டேக்கர் ஜெயித்தார் என்றுதான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்தது எடை. இந்தப் பிரிவில் ஒருவருடைய தொழிலை ஆக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். வெல்டர்வெயிட் உச்சவரம்பு 147 பவுண்டு, அதாவது 66.68 கிலோ. கீழ்ப் பிரிவு 140, மேல் பிரிவு 154. எடை பார்ப்பது போட்டிக்கு முந்தின நாள். ஆகவே 147-ல் ஆடுகிறவர்களில் பலர் மற்ற நாட்களில் 160, 165 பவுண்டு இருப்பார்கள். முறையாகச் செய்தால் 10 வாரப் பயிற்சியில் வாரம் ஒரு பவுண்டு வீதம் இறங்கி, கடைசி வாரத்துக்கு 154, 155-ல் வந்து நிற்க வேண்டும். மீதி 7 பவுண்டில் பாதிக்கு மேல் உணவிலேயே போய்விடும். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்போடு அது பிடித்துவைத்த நீரும் வெளியேறும். நார்ச்சத்தைக் குறைத்தால் குடல் காலியாகும், உப்பைக் குறைத்தால் உடம்பு நீரைத் தேக்காது. கடைசியாக வியர்வையில் விட வேண்டியது 2, 3 பவுண்டுதான்.

குறுகிய அவகாசத்தில் ஒப்புக்கொண்ட போட்டியில்தான் எல்லாம் கெடும். இரண்டு வாரம் இருக்கும்போது 164 பவுண்டில் நிற்பவர் கடைசி இரண்டு நாளில் 10 பவுண்டுக்கு மேல் வியர்வையாகவே இறக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் சூட்டைப் போட்டுக்கொண்டு சூடான குளியலறையில் உட்கார்ந்து, வாயில் ஊறும் எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டிருப்பார். இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து இதயம் வேகமாக அடிக்கும். தராசில் 147 காட்டிவிடலாம். ஆனால் இழந்ததெல்லாம் ஒரு நாளில் முழுதாகத் திரும்பாது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், அதுவும் உப்பும் சர்க்கரையும் கலந்து, பல மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். தாகத்தில் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அது சிறுநீராகப் போய்விடும். மறுநாள் 158, 160-க்கு ஏறிவிட்டார் என்று பார்த்து அவருடைய ஆட்கள் தெம்படைவார்கள். ஐந்தாவது ரவுண்டில் கால் கனக்கும், ஆறாவதில் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) அடித்த கை தோளுக்குத் திரும்பாமல் மார்பு மட்டத்திலேயே நின்றுவிடும். ஏழாவதில் ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து. செய்தியில் "ஏழாவது ரவுண்டில் நாக் அவுட்" என்று மட்டும் வரும், அந்தக் குளியலறை அதில் வராது.

பட்டம் வழங்கும் ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.சி. போன்ற அமைப்புகளுக்கும் இது தெரியும். போட்டி நாள் காலையில் மறுபடி எடை பார்த்து, உச்சவரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று விதி வைத்தது ஐ.பி.எஃப். 30 நாளுக்கு முன்பே எடை கேட்கிறது டபிள்யூ.பி.சி. நல்ல விதிகள்தான். ஆனால் பட்டப் போட்டி அளவில்தான் இவை செல்லும். 6 ரவுண்டு ஆடும் பையனை யார் பார்க்கிறார்கள்? அவனுடைய பயிற்சியாளர்தான் பார்க்க வேண்டும். 147-க்கு இறங்க முடியாத உடம்பு என்றால் 154-க்கு அனுப்பும் துணிவு அவருக்கு வேண்டும்.

கையுறை போடுவதற்கு முன் கையில் துணி சுற்றிக் கட்டுவதைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் துண்டை மடித்து, அதன்மேல் வீரர் முன்கையை வைத்து விரல்களை அகல விரித்துக்கொள்வார். காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) மணிக்கட்டில் இரண்டு மூன்று சுற்று, கட்டைவிரலை வளைத்து, புறங்கை வழியாக விரல் முட்டிகளுக்குப் போகும். முட்டிமேல் பல மடிப்பாக ஒரு மெத்தை. விரல் இடுக்குகளில் மெல்லிய டேப். இடையிடையே முஷ்டியை மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூன்றாவது ரவுண்டிலேயே விரல் மரத்துவிடும். தளர விட்டால் ஹூக் விழும்போது மணிக்கட்டு மடங்கும், சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள புறங்கை எலும்பு முறியும். எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார், போட்டிகளை மேற்பார்வையிடும் கமிஷனின் அதிகாரி கட்டின்மேல் கையெழுத்துப் போடுவார். 2009 ஜனவரி 24 அன்று ஆன்டோனியோ மார்கரிட்டோவின் கட்டுக்குள் கடினமான பட்டை இருப்பதை, ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் கண்டுபிடித்தது இப்படி நின்று பார்த்ததால்தான். கட்டைப் பிரித்து மறுபடி கட்ட வைத்தார்கள். ஒன்பதாவது ரவுண்டில் மோஸ்லி ஜெயித்தார். மார்கரிட்டோவின் உரிமத்தை கலிஃபோர்னியா கமிஷன் ரத்து செய்தது.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 ரூபாய் பரிசுத் தொகை என்றால் மேனேஜருக்கு 33 வரை, பயிற்சியாளருக்கு 10, பட்டப் போட்டி என்றால் அமைப்புக்கு 3. மீதி 54-லிருந்துதான் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) கூட்டாளிகளின் சம்பளம், ரவுண்டுகளுக்கு நடுவே வெட்டுக்காயத்தைக் கவனிக்கும் கட்மேன், மருத்துவச் சோதனை, வரி எல்லாம். பரிசுத் தொகையை அப்படியே "சம்பாதித்தார்" என்று எழுதுவது சரியல்ல.

தோல்வியே இல்லாததை இவ்வளவு உயர்த்திப் பிடிப்பதால் பெரிய கேடும் ஒன்று விளைகிறது. அந்த பூஜ்யத்தைக் காப்பாற்றுவதற்காகவே நல்ல எதிராளிகளைத் தவிர்க்கிறார்கள். சுகர் ரே லெனார்ட் 26-வது போட்டியில், 1979 நவம்பரில் வில்பிரட் பெனிட்டஸை வென்று பட்டம் பெற்றார். 1980 ஜூனில் ராபர்ட்டோ டுரானிடம் தோற்றார். ஐந்தே மாதத்தில் அதே டுரானோடு மறுபடி மோதி ஜெயித்தார். 1981 செப்டம்பரில், அதுவரை தோற்காத தாமஸ் ஹெர்ன்ஸிடம் புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்து 14-வது ரவுண்டில் வென்றார். தோற்ற பிறகுதான் அவருடைய தொழிலின் சிறந்த பகுதியே வந்தது. டெரன்ஸ் கிராஃபோர்ட் வேறு வழியில் வந்தவர். 2008-ல் தொடங்கி, 135, 140 என்று ஏறி, 2023 ஜூலையில் எரோல் ஸ்பென்ஸை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தி நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் (பட்டங்களையும்) ஒன்றாக்கினார். பதினைந்து வருஷம். அவருக்கும் தோல்வி கிடையாது, ஆனால் அந்த பூஜ்யத்தின் மதிப்பு ஸ்பென்ஸ் போன்றவரோடு மோதியதில் இருக்கிறது.

தங்களிடம் கேட்க விரும்புவது இதுதான். ஒரு வீரரின் கணக்கைப் போடும்போது அவர் கடைசியாக எப்போது, எந்த எடையில் ஆடினார், அது எப்படி முடிந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஆடக்கூடாது என்று கமிஷன்கள் நிறுத்திவைக்கின்றன, அதையும் போடுங்கள். இதை வெறும் புள்ளிவிவரம் என்று நினைக்க வேண்டாம். வெல்டர்வெயிட் சாம்பியன் பென்னி பாரெட் 1961 டிசம்பர் 9 அன்று 160 பவுண்டு சாம்பியனான ஜீன் ஃபுல்மரோடு அவருடைய பிரிவிலேயே ஆடி, கொடுமையாக அடிவாங்கிப் பத்தாவது ரவுண்டில் விழுந்தார். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் எமில் கிரிஃபித்தோடு இரண்டு முறை ஆடி, அதில் ஒருமுறை நாக் அவுட் ஆகியிருந்தார். ஃபுல்மர் போட்டி முடிந்து மூன்றரை மாதத்தில், 1962 மார்ச் 24 அன்று, மறுபடி கிரிஃபித்தின் முன்னால் நிறுத்தப்பட்டார். பன்னிரண்டாவது ரவுண்டில் கார்னரில் மாட்டிக்கொண்டு, கயிற்றில் சாய்ந்தபடியே அடிவாங்கி மயங்கியவர் கண் திறக்காமலே ஏப்ரல் 3 அன்று இறந்தார். சாம்பியன் என்ற பெயரோடுதான் அன்று அவர் ரிங்கில் ஏறினார். டிசம்பர் 9-ல் என்ன நடந்தது என்ற அந்த ஒரு வரியை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்தப் போட்டிக்கு யாரும் சம்மதித்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளராக உள்ள ஒரு வாசகர்