31 கோடியும் 8 கோடியும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்ஜெட் தாள் வந்தது. அப்பா பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். மலை பங்களா, ஒரு சாவு, ஆளுக்கொரு பொய் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள்: கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விநியோகஸ்தர் ஆபீசில் டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் தாளோடு காலம் தள்ளியவள் கதையைப் பற்றி என்ன சொல்ல? கடைசிப் பக்கத்துக்குத்தான் முதலில் போனேன்.

அதில் நைவ்ஸ் அவுட் என்ற ஹாலிவுட் கொலை மர்மப் படத்தை உதாரணமாக வைத்து "செலவு 4 கோடி டாலர், வசூல் 31 கோடி, லாபம் 27 கோடி" என்று போட்டு, முதல் போடுகிறவர்களிடம் இதைக் காட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த மூன்றாவது எண்ணை அடித்துவிடு. கணக்குத் தெரிந்த ஒருவர் பார்த்தால் மற்ற பக்கங்களைப் புரட்டவே மாட்டார்.

31 கோடி என்பது உலகம் முழுக்க டிக்கெட் கவுண்டரில் ஜனங்கள் கொடுத்த காசு. நாங்கள் கிராஸ் என்போம். அமெரிக்காவில் அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்கு. சீனாவில் வெளிநாட்டுப் படத்துக்குக் கால் பங்கு கிடைத்தாலே அதிகம். மிச்சம் வருகிற ஷேரில்தான் எல்லாச் செலவும் கழிய வேண்டும். 4 கோடி என்பது படம் எடுத்த செலவு மட்டும். 3,000 தியேட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்கிய விளம்பரச் செலவு அதில் சேராது. டிவி, டிஸ்க் என்று பிறகு வருவது வரவுப் பக்கம் ஏறும். இப்படி எல்லா வரவையும் செலவையும் போட்டு டெட்லைன் என்ற ஹாலிவுட் செய்தித் தளம் கடைசியில் தந்த நிகர லாபம் 8.2 கோடி டாலர். படம் எடுத்த செலவைப் போல இரண்டு மடங்கு, அருமையான லாபம்தான். ஆனால் அது 27 இல்லையே!

அப்புறம், நீ மொத்த வசூலை மட்டும் பார்க்கிறாய். நான் இறங்குமுகத்தைப் பார்ப்பேன். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டத்தை எங்கள் ஆபீசில் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். திங்கட்கிழமை மேட்னிக்கு எத்தனை டிக்கெட் கிழிந்தது, அதுதான் கேள்வி. செவ்வாய் காலை தியேட்டரிலிருந்து தாள் வந்ததும் முதலாளி விரல் நேராக அந்த வரிசைக்குத்தான் போகும். பால்கனி எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் காபி கேட்பார்.

அந்தக் கண்ணோடு இந்தப் படத்தைப் பார். 2019 நவம்பர் 27, நன்றி நவிலல் பண்டிகை வாரத்தில் ரிலீஸ். முதல் வார இறுதி மூன்று நாளில் அமெரிக்காவில் சுமார் 2.7 கோடி டாலர். அங்கே மட்டும் ஓடி முடித்தது 16.5 கோடி. அதாவது ஆரம்பத்தைப்போல ஆறு மடங்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் வசூல் இறங்காமல் ஏறியது. பழைய எழுபதுகளின் ஓட்டம் இது. இப்போதெல்லாம் மூன்று மடங்கு வந்தாலே கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

கொலை மர்மப் படத்துக்கு ஒரு தொல்லை உண்டு. பார்த்துவிட்டு வருகிறவன் நாலு பேரிடம் "போய்ப் பார்" என்று சொல்லவும் வேண்டும், யார் செய்தது என்று சொல்லிவிடவும் கூடாது. இயக்குநர் ரியான் ஜான்சன் இன்னொரு வேலையும் செய்தார். ஏற்கெனவே பார்த்தவர்கள் இரண்டாம் தடவை தியேட்டரில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறமாதிரி, தன் விளக்கத்தைப் பேசிப் பதிவு செய்து இலவசமாக வெளியிட்டார். முடிவு தெரிந்த பிறகும் ரிப்பீட் ஆடியன்ஸை இழுக்க ஒரு வழி! உன் தாளில் இந்த மாதிரி யோசனை ஒன்று இருந்திருந்தால் நான் இத்தனை பெரிய கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். கென்னத் பிரானா எடுத்த மூன்று பொய்ரோ படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார். அகதா கிறிஸ்டி கதைகள், ஒரே துப்பறிவாளர், ஒரே இயக்குநர். 2017இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்: செலவு 5.5 கோடி, வசூல் 35 கோடி. அந்தத் தெம்பில் நைல் நதிக் கதைக்கு 9 கோடி கொட்டினார்கள். இங்கிலாந்தில் ஸ்டூடியோ வளாகத்தில் முழு அளவில் ஒரு கப்பலையே கட்டினார்கள், 65 எம்.எம். பிலிமில் எடுத்தார்கள். கொரோனாவால் ரிலீஸ் தள்ளித் தள்ளிப் போய் 2022 பிப்ரவரியில் வந்தபோது வசூல் சுமார் 13.7 கோடி. தியேட்டர் பங்கு போனால் செலவுக்கே பற்றாது. அடுத்த வருஷம் வெனிஸ் கதையை 6 கோடிக்கு இறக்கினார்கள். வந்தது 12 கோடி சொச்சம். கவனி, வெனிஸ் படம் நைலைவிடக் குறைவாகத்தான் வசூலித்தது, ஆனால் கையைச் சுட்ட அளவு குறைவு. வசூல் நம் கையில் இல்லை, செலவு இருக்கிறது.

நைவ்ஸ் அவுட்காரர்கள் 4 கோடியில் நின்றது எப்படி? பெரிய நடிகர் பட்டாளம் இருந்தும் கதை பெரும்பாலும் ஒரே வீட்டைச் சுற்றித்தான். படம் எடுத்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செலவழிப்பதில் 25 சதவீதம் வரிச்சலுகை உண்டு. ஜேம்ஸ் பாண்ட் படத்தின் இயக்குநர் 2018 ஆகஸ்டில் விலகியதால் அதில் பாண்டாகவும் இதில் துப்பறிவாளராகவும் நடித்த டேனியல் கிரெய்க் கால்ஷீட்டில் இடைவெளி விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த இலையுதிர் காலத்திலேயே ஷூட்டிங் தொடங்கிவிட்டார்கள். அதிர்ஷ்டம்தான், ஆனால் கதை தயாராக இருந்தவனுக்கு வந்த அதிர்ஷ்டம். நீ உன் பங்களாவுக்குள் நடுவில் ஒரு கார் துரத்தலை எழுதியிருக்கிறாய். எடுத்துவிடு.

அடுத்த இரண்டு பாகங்களை 45 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நெட்பிளிக்ஸ் வாங்கியதே என்று கேட்பாய். வாங்கியது, 2021இல். எங்கள் காலத்தில் அவுட்ரைட் விற்பனை என்போமே, அதேதான்: தயாரிப்பாளர் முன்கூட்டியே காசு பார்த்துவிடுவார், படம் ஓடினால் மேற்கொண்டு வருவது வாங்கியவருக்கு. 2022இல் இரண்டாம் பாகத்தை அவர்கள் தியேட்டரில் ஒரு வாரம் மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள், வசூல் எவ்வளவு என்றுகூட அறிவிக்கவில்லை. முதல் பாகத்தின் ஆறு மடங்கு ஓட்டத்தைக் காட்டித்தான் அந்த விலை கிடைத்தது. முதல் படமே எடுக்காத உன்னிடம் அந்த விலையை யாரும் பேச மாட்டார்கள்.

தாளைத் திருத்தி அனுப்பு. லாபம் என்ற கட்டத்துக்கு முன்னால் தியேட்டர் பங்கு, விளம்பரம், வட்டி என்று மூன்று வரி சேர். வட்டிக்கு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் ரிலீஸ் என்று போட்டால்தான் கணக்கு வரும். உங்கள் ஊரில் படத்தை வெளியிடப்போவது யார் என்றும் எழுது. அதற்கு நீ ஒரு கட்டம்கூட விடவில்லை.

அம்மா