வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள்: பொறியியல் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, முதல்வர்களே,

வணக்கம். மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் இந்தப் பருவத்தில் என்பிடெல் என்ற இணையவழித் திட்டத்தின் காணொளிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும், சான்றிதழ் காட்டாவிட்டால் அகமதிப்பீட்டு மதிப்பெண் குறையும் என்ற சுற்றறிக்கையைச் சென்ற வாரம் வகுப்பில் வாசித்தேன். வேறு கல்லூரிகளிலும் இதே கதைதான் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

படிப்பின் மீது எனக்குக் குறையில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய திட்டம் அது. பாடம் இலவசம், தேர்வெழுத மட்டும்தான் கட்டணம். புரியாத இடத்தில் பேராசிரியரை நிறுத்தி நான்கு முறை கேட்கலாம். என் வகுப்பில் அந்த வசதி கிடையாது.

ஆனால் எப்போது கேட்பது? கல்லூரிப் பேருந்தில் வரும் ஒரு மாணவி காலை ஆறரைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். வளாகத்தில் கைபேசியை எடுத்தால் அபராதம். கணினி ஆய்வகம் நான்கரைக்குப் பூட்டப்படுகிறது. ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கப் பத்தரை ஆகிவிடும். புதன் இரவு 11.59-க்குள் அசைன்மென்ட் போட்டாக வேண்டும். விடைகளோ செவ்வாயன்றே டெலிகிராமில் வந்துவிடுகின்றன. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. காணொளியை அவள் திறக்கவே இல்லை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. அசைன்மென்டுக்கான 25 மதிப்பெண்ணுக்கு டெலிகிராம் உதவும். மையத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வின் 75-க்கு யார் உதவுவார்?

அதனால்தான் கேட்கிறேன்: வார அட்டவணையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர்தான். எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். பாதியில் விட்டவர் மதிப்பெண்ணை யாரும் குறைக்கவில்லை. உங்களுக்கோ நூறு சதவீதம் வேண்டும், கல்லூரி நேரத்தில் ஒரு நிமிடமும் செலவாகாமல்!

நுழைவாயில் பதாகையில் தங்கச் சான்றிதழ் பெற்ற இருவர் சிரிக்கிறார்கள். அங்கீகாரக் குழுவுக்குக் காட்டும் கோப்பும் தடிக்கிறது. மகிழ்ச்சி. ஓய்வுபெற்ற பேராசிரியரின் நாற்காலியில் காணொளியை உட்காரவைக்கும் சிக்கனத்தையும் நாங்கள் கவனிக்காமல் இல்லை. எட்டு மணி நேரம் நின்று பாடம் நடத்துபவரிடம் மாதக் கடைசியில் பதிவு எண்ணிக்கையை மட்டும் விசாரிப்பது... சரி, அது வேறு மடலுக்கான விஷயம். பொறுத்தருளுங்கள்.

வாரக் காணொளிகளே இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு மணி நேரம் போதாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, ஓர் ஆசிரியரையும் உட்காரவைத்தால் மீதியைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் மனமில்லையென்றால் கட்டாயத்தையாவது நீக்குங்கள். அடுத்த பருவத்தின் பதிவு தொடங்குமுன் அந்த ஒரு மணி நேரத்தை அட்டவணையில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சனிக்கிழமையானாலும் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு வகுப்பாசிரியர் ஒருவர்