கேப் டவுனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "துருவைச் சுரண்டவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெறும் தோணி ஆடும், அடியில் மணல் போட்டால்தான் நிற்கும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தீர்களே, இங்கே கடலடியில் கிடந்து நாங்கள் ஆராயும் கப்பலிலும் அதே கணக்குதான். சாவோ ஜோசே என்று பெயர். போர்த்துகீசியரின் அடிமைக் கப்பல். 1794 ஏப்ரலில் லிஸ்பனை விட்டபோது 1,400க்கும் மேல் இரும்புப் பாளங்கள் ஏற்றியதாக அங்குள்ள ஆவணம் சொல்கிறது. மனிதர்கள் எடை குறைவு, அசைவார்கள், வழியில் சாவார்கள். அதை ஈடுகட்டத்தான் இரும்பு. அது விளங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மொசாம்பிக் தீவில் 500க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குக் கிளம்பியது. டிசம்பர் 27 அன்று இங்கே கிளிஃப்டன் கரைக்குப் பக்கத்தில் பாறையில் மோதி உடைந்தது. கரை கண்ணுக்கெட்டும் தூரம்தான், அப்பா. இருந்தும் 212 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களைக் காப்பாற்றிக் கரையேற்றி, பிறகு இங்கேயே விற்றுவிட்டார்கள்.

1980களில் புதையல் தேடியவர்கள் இதை ஏதோ பழைய டச்சுக் கப்பல் என்று நினைத்தார்கள். கப்பல் தலைவன் கொடுத்த வாக்குமூலம் இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒருவர் காகிதம் படிக்கிறார், ஒருவர் குளிர்ந்த கடலில் முங்குகிறார். நாங்கள் ஆய்வகத்தில், கல்லாக இறுகிப்போன துருவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம். அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு இப்படித்தான் வெளிப்படும், முதலில் எக்ஸ்ரே படத்தில் வெறும் நிழலாக.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. 2015இல் மொசாம்பிக்கின் மக்குவா மக்களின் தலைவர் ஒருவர் சோழி பதித்த கூடையில் தங்கள் ஊர் மண்ணைக் கொடுத்தனுப்பினார். செத்தவர்கள் சொந்த மண்ணில் உறங்கட்டும் என்றாராம். அந்த மண்ணைக் கிளிஃப்டன் கடலில் தூவினார்கள். எந்த ஆய்வறிக்கைக்கும் அந்த எண்ணம் வந்திருக்காது. இறந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுடைய சொந்தங்களுக்குத்தான் தெரிகிறது.

இன்னொன்று. இந்த ஊர்ப் பழைய பதிவேடுகளில் 'கொரமாண்டலைச் சேர்ந்த' என்று ஊரே பெயராகிப்போன அடிமைகள் இருக்கிறார்கள். நம் சோழமண்டலக் கரைதான் அப்பா. பெற்றோர் வைத்த பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று புரட்ட முடியவில்லை.

அடுத்த முறை தோணிக்குப் போகும்போது அடிமணலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். உடன் வேலை செய்பவர்களுக்குக் காட்டி, நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும்.

அன்பு மகள்,
ஜெபா