ஆஸ்கர் கணிப்பு: சிறந்த படத்தின் கணக்கே வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்கர் விழாவையொட்டி நீங்கள் வெளியிடும் கணிப்புப் பக்கத்தில், எந்தப் படத்துக்குப் பரிந்துரைகள் அதிகமோ அதுவே சிறந்த படம் என்று எழுதிவிடுகிறீர்கள். இந்தக் கணக்கை நம்ப முடியாது. 2017 விழாவுக்கு 14 பரிந்துரைகளோடு வந்த 'லா லா லேண்ட்' ஆறு விருதுகள் வாங்கியும், சிறந்த படத்தை 'மூன்லைட்'டிடம் இழந்தது. 2022-இல் 12 பரிந்துரைகள் பெற்ற 'தி பவர் ஆஃப் த டாக்' இயக்குநர் விருது ஒன்றோடு நின்றுவிட்டது. மூன்றே பரிந்துரைகளோடு வந்த 'கோடா' சிறந்த படம் உட்பட மூன்றையும் வென்றது. 2025-இல் 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரைகளில் இரண்டைத்தான் விருதாக்கியது.

காரணம் வாக்கு எண்ணும் முறை. இறுதிச் சுற்றில் மற்ற பிரிவுகளில் ஒருவருக்கு ஒரு வாக்கு, அதிக வாக்கு பெற்றவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும், 2010 விழா முதல், ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் படங்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டுத் தருகிறார்கள். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிட வாக்கு பெறாவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்கு வாக்கை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

ஆயிரம் சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் 300 முதலிடம் வாங்கி முந்துகிறது, ஆனால் மீதி 700 பேரில் பலர் அதை எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் தள்ளியிருக்கிறார்கள். இன்னொன்று 220 முதலிடமே வாங்கினாலும் மற்றவர்களின் சீட்டில் இரண்டாவது, மூன்றாவதாக இருக்கிறது. படங்கள் விழ விழ, வாக்குகள் இரண்டாவதற்குத்தான் வந்து சேரும். ஆகவே இந்தப் பிரிவில் 'இந்தப் படத்தை யாருக்கெல்லாம் பிடிக்காது?' என்ற கேள்விதான் முக்கியம். அதேசமயம் எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தால் மட்டும் போதாது. முதலிட வாக்கு மிகக் குறைவாக இருந்தால், கைமாறும் வாக்குகள் வந்து சேருமுன்பே அந்தப் படம் விழுந்துவிடும். ஆழமாக நேசிக்கும் ஒரு கூட்டமும் வேண்டும், வெறுப்பவர்களும் குறைவாக இருக்க வேண்டும்.

இதே முறையில் எண்ணுவது அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம். அதனால் அந்த விருதுதான் சிறந்த படத்துக்கு நல்ல வழிகாட்டி. 2009 முதல் 2024 வரை வெளியான படங்களை எடுத்தால் 2015, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுப் படங்களில்தான் அது தவறியது. (2013-இல் இரண்டு படங்கள் சமநிலை, அவற்றில் ஒன்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது.)

இயக்குநர் பிரிவில் அமெரிக்க இயக்குநர் சங்க விருதை அப்படியே பின்பற்றுவது புத்திசாலித்தனம். 1948 முதல் 2024 வரையான படங்களில் அது எட்டு முறைதான் பிசகியது. அவற்றிலும் 1985, 1995, 2012 ஆகிய மூன்று முறை, சங்க விருது பெற்றவருக்கு ஆஸ்கர் பரிந்துரையே இல்லை. அந்த மூன்றும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

நடிப்புப் பிரிவுகளில்தான் உங்கள் பக்கம் அதிகம் சறுக்குகிறது. கோல்டன் குளோபை முதல் ஆதாரமாக எடுக்காதீர்கள். அங்கே வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள், ஆஸ்கர் உறுப்பினர்கள் அல்லர். அமெரிக்க நடிகர் சங்க விருதும் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் விருதான பாஃப்டாவும் முரண்படும்போது எதைப் பார்ப்பது? அண்மைய ஆண்டுகளில் பாஃப்டாவின் கை ஓங்கியிருக்கிறது. 2019-இல் ஒலிவியா கோல்மன், 2021-இல் ஆண்டனி ஹாப்கின்ஸ், 2024-இல் எம்மா ஸ்டோன், 2025-இல் ஏட்ரியன் பிராடி, மைக்கி மேடிசன் என எல்லோரும் பாஃப்டா வாங்கி, நடிகர் சங்க விருதை இழந்து, ஆஸ்கர் வென்றவர்கள். 2016-க்குப் பிறகு ஆஸ்கர் அகாடமி வெளிநாட்டு உறுப்பினர்களைப் பெருமளவில் சேர்த்தது ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால் 2023-இல் பிரெண்டன் ஃபிரேசரும் மிஷெல் யோவும் பாஃப்டாவை இழந்து, நடிகர் சங்க விருதோடு ஆஸ்கர் வென்றார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு பாஃப்டா என்று எழுதிவிடவும் முடியாது.

தேதிகளையும் பாருங்கள். 2025-இல் ஆஸ்கர் வாக்குப்பதிவு பிப்ரவரி 18-இல் முடிந்துவிட்டது. நடிகர் சங்க விழா நடந்ததோ 23-ஆம் தேதி. அந்த மேடையில் என்ன பேசியிருந்தாலும் ஒரு வாக்கும் மாறியிருக்காது. பாஃப்டா 16-ஆம் தேதியே முடிந்திருந்தது.

தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு ஒன்று சொன்னால் போதும். பரிந்துரையைப் பெரும்பாலும் அந்தந்தத் துறையினரே செய்தாலும், இறுதி வாக்கை எல்லாத் துறையினரும் போடுகிறார்கள். அதனால் நுணுக்கத்தைவிடக் கண்ணில் படும் வேலைக்கே வாய்ப்பு. ஒப்பனையில் முன்னணி நடிகரின் தோற்றத்தையே மாற்றிய படத்தைத் தேடுங்கள்: 2018-இல் கேரி ஓல்ட்மன், 2022-இல் ஜெசிக்கா சாஸ்டெய்ன், 2023-இல் ஃபிரேசர் ஆகியோரின் படங்கள் நடிப்பு விருதோடு ஒப்பனை விருதையும் வாங்கின. ஒலிப் பிரிவு இரண்டாக இருந்து 2021 விழாவில் ஒன்றானது. பழைய புள்ளிவிவரங்களை அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். 2026 விழா முதல், ஒரு பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அதில் வாக்களிக்கலாம் என்ற விதியும் வந்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்துப் போடும் வாக்கு குறைந்தால், சிறிய படங்களுக்கு நல்லது.

எனவே, கணிப்பைப் பரிந்துரைகள் வந்த மறுநாளே அச்சிடாமல், தயாரிப்பாளர், இயக்குநர் சங்க விருதுகளும் பாஃப்டாவும் முடிந்த பிறகு வெளியிடுங்கள். 'வெல்லும்' என்றும் 'வெல்ல வேண்டும்' என்றும் இரண்டு பத்திகளாகப் பிரித்தால், உங்கள் விமர்சகரின் ரசனை கணிப்பில் கலக்காது. மூன்று குறும்படப் பிரிவுகளையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் முதுமலையில் தமிழ் பேசும் ஒரு தம்பதியைப் படம்பிடித்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' வென்றது அவற்றில் ஒன்றான ஆவணக் குறும்படப் பிரிவில்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்