‘ஆட்கள் தேவை’ நோட்டீஸில் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், அப்புறம் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ். அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை), ஜவுளிக்கடை, பேக்கரி என்று யாராவது அடிக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஓர் அம்மா, காது கேளாத மகனோடு வேலை கேட்டு வந்தார். ‘மெஷின் சத்தம் கேட்காதே, கையைக் கிய்யை விட்டுவிட்டால்?’ என்று தயங்கினேன். சரி, பைண்டிங் மேசையில் தாள் மடிக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் அவன் ஆஃப்செட் மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினான். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. மெக்கானிக் வந்து கழற்றினால், பேரிங் தேய்ந்திருந்தது. இன்று அந்த மெஷின் அவன் பொறுப்பில்தான் ஓடுகிறது. அவனுக்காக நான் செய்த கூடுதல் செலவு, அழைப்பு மணிக்குப் பதிலாக மாட்டிய ஒரு சிவப்பு பல்பு மட்டுமே.

ஆனால் என் அக்கா மகளுக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பி.காம். முடித்தவள், சக்கர நாற்காலியில் இருப்பவள். நாகர்கோவிலில் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. இடம் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒருவர் இறங்கி வந்து, ‘பிறகு கூப்பிடுகிறோம்’ என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியார் துறையிலும் குறைந்தது 5 சதவீதம் பேராவது இருக்கும்படி முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை போன்ற சலுகைகளை அரசு தர வேண்டும் என்கிறது அதே சட்டம். இந்த இரண்டாவது விஷயம் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. நான் சொன்னபோது, ‘அப்படியா?’ என்றுதான் கேட்டார்கள். மாவட்ட நிர்வாகம் வியாபாரிகள் சங்கக் கூட்டங்களுக்கே வந்து இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு முகாம்களில் நேர்காணலைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டும், சைகைமொழி தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வைக்க வேண்டும்.

என்னால் முடிந்தது ஒன்று. இப்போது ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ் அடிக்க வருபவர்களிடம், ‘மாற்றுத்திறனாளிகளும் வரலாம், நேர்காணல் தரைத்தளத்தில்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்கிறேன். அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை. உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியிலும் இந்த வரியைக் கட்டணமில்லாமல் சேர்க்க முடியுமா?

அச்சக உரிமையாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்