கோப்ரா வண்டிய விக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுடா

டேய் சேகரு,

எப்படி இருக்க, முதுகு வலி இப்ப தேவலையா? நீ எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். வீட்ல அவ்ளோ திட்டு வாங்கி கராஜ்லயே குடித்தனம் பண்ணி கட்டின கோப்ரா ரெப்ளிகாவ, அதான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே பார்ட்ஸ் கிட் வாங்கி நீயே மாட்டின நகல் வண்டிய, விக்கப் போறேன்னு நீ சொன்னதே எனக்கு ஜீரணம் ஆகல, ஆனா அந்த கிளட்ச் மிதிக்கறதுக்கு உன் முதுகு ஒத்துழைக்கலேன்னா என்ன பண்றது. இங்க எல்லாரும் சௌக்கியம், கீதா ரிட்டயர் ஆயிட்டா, இப்ப என்னைய மேய்க்கறதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

சரி நீ போட்டிருந்த கணக்குக்கு வரேன். கிட் இவ்ளோ, எஞ்சின் கியர்பாக்ஸ் இவ்ளோ, பெயிண்ட் இவ்ளோ, கடைசில உன்னோட உழைப்புன்னு மணிக்கு இவ்ளோன்னு ஒரு பெரிய தொகை. அந்த கடைசி வரிய மொதல்ல அடிச்சிடு மாப்ள. வாங்க வரவன் உன் ராத்திரி தூக்கத்துக்கு காசு குடுக்க மாட்டான். சொல்லப்போனா நாமளே கட்டின கிட் கார்ல உழைப்ப விடு, பார்ட்ஸ்க்கு போட்ட காசு முழுசா திரும்பி வந்தாலே கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

அப்புறம் அசல் கோப்ரா ஏலத்துல போன விலையெல்லாம் எழுதியிருந்தியே, அது எதுக்குடா? கோப்ராவ உருவாக்கின கரோல் ஷெல்பியோட மொத கோப்ரா, CSX2000ங்கற நம்பர் வண்டி, 2016ல 1.375 கோடி டாலருக்குப் போச்சு, உண்மைதான். ஆனா அசல் மொத்தமே ஆயிரம் வண்டி கிட்டத்தான், அதுக்கப்புறம் வந்த ரெப்ளிகா அத விட எத்தனையோ மடங்கு. அசல் விலை ஏறினா எல்லாருக்கும் அந்த ஷேப் மேல ஆசை வரும், அவ்ளோதான், உன் வண்டி விலை அதோட சேந்து ஏறாது. உன் வண்டிக்கு மேல ஒரு கூரை இருக்கு, அது என்னன்னா இன்னிக்குத் தேதில அதே கம்பெனி கிட்ட புது கிட் வாங்கி நல்ல பில்டர் ஒருத்தன் கிட்ட குடுத்து முடிச்சு வாங்க என்ன ஆகுமோ அதுதான். அத விட ஒரு ரூபா கூட கேட்டாலும் அவன் புதுசே கட்டிக்குவான், அவனுக்குப் பிடிச்ச கலர்ல. கிட் விலை, பெயிண்ட் கூலி எல்லாம் ஏறும்போது இந்தக் கூரையும் ஏறும், அதனாலதான் பழைய பில்டு சிலதுக்கு கட்டினப்ப ஆனதுக்கும் மேல விலை கிடைக்குது. இன்னொண்ணு, பில்டர் கிட்ட குடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருக்க எல்லாருக்கும் பொறுமை கிடையாது, நாளைக்கே ஓட்டணும்னு நினைக்கறவன் கொஞ்சம் கூடவே குடுப்பான். உனக்கு வேண்டியது அந்த ஆளுதான்.

யாரு பண்ண கிட்டுங்கறதுதான் பாதி விலைய முடிவு பண்ணுது. சூப்பர்ஃபார்மன்ஸ் வண்டி தென்னாப்பிரிக்கால ஃபேக்டரிலயே எஞ்சின் இல்லாம ரெடியாகி வருது, இங்க அமெரிக்கால டீலர் எஞ்சின் கியர்பாக்ஸ் மாட்டிக் குடுப்பான், அதனால ஒரு வண்டிக்கும் இன்னொண்ணுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, வாங்கறவன் கண்ண மூடிட்டு நம்பறான். கிர்க்காம்ல அலுமினியம் பாடி, அது வேற லெவல் விலை. ஃபேக்டரி ஃபைவ்ல கிட் அருமையான கிட்தான், ஆனா நட்டு போல்ட்டு மாட்டினது உன்ன மாதிரி ஆயிரம் பேரு, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு விதம். ஒரே மாடல் ரெண்டு வண்டி பக்கத்து பக்கத்துல நிக்கும், ஒண்ணு இன்னொண்ணோட ரெண்டு மடங்கு விலைக்குப் போகும். அதனால உன் வண்டி விஷயத்துல அவன் கிட்டுக்கு காசு குடுக்கல, உன் கைக்கு குடுக்கறான், அந்தக் கைய அவன் எப்படிடா நம்புவான்?

பேப்பர்தான். நீ எல்லா பில்லையும் அந்த ஷூ டப்பால போட்டு வச்சிருப்பியே, அத எடுத்து தேதிவாரியா ஒரு ஃபைல் ஆக்கு. கட்டும்போது எடுத்த போட்டோ, எஞ்சின் பவர் அளந்த டைனோ ஷீட், சக்கர அலைன்மென்ட் ஷீட், வயரிங் டயக்ராம் எல்லாம் சேத்து வை. நல்லா விவரம் தெரிஞ்சவன் வந்தான்னா பெயிண்ட மொதல்ல பாக்க மாட்டான். கதவத் திறந்து மூடுவான், அந்த இடைவெளி மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கான்னு விரல வச்சு தடவிப் பாப்பான், அப்புறம் டார்ச்ச எடுத்துகிட்டு டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்க படுத்துடுவான். அங்க வயரெல்லாம் கட்டுக்கட்டா கிளிப் போட்டு ஃபியூஸ் ஒவ்வொண்ணுக்கும் லேபிள் ஒட்டியிருந்தா பாதி வியாபாரம் முடிஞ்சுது. இன்சுலேஷன் டேப் சுத்தி முண்டு முண்டா தொங்கினா வெளிய எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் மனுஷன் எழுந்து கைய தட்டிகிட்டு யோசிச்சு சொல்றேன்னு கிளம்பிடுவான். நீ எலக்ட்ரிகல் இன்ஜினியர், அந்த பயம் எனக்கு இல்ல.

எனக்கு பயம் உன் டைட்டில், அதான் வண்டியோட உரிமைப் பத்திரம், அதுலதான். சில ஸ்டேட்ல வண்டி எந்த வருஷத்து மாடல் மாதிரி இருக்கோ அந்த வருஷம் போடுவாங்க, சில ஸ்டேட்ல கட்டி முடிச்ச வருஷம்தான், ரெண்டும் சரிதான், ஆனா அது சட்டப்படி அசெம்பிள் பண்ண வண்டின்னு காட்டணும். சில பேரு டோனர் மஸ்டாங், அதான் பார்ட்ஸ் கழட்டறதுக்குன்னு வாங்கின பழைய கார், அதோட நம்பர்லயே அது இன்னமும் மஸ்டாங்னு ஓட்டிகிட்டு இருக்காங்க, அப்படி ஏதாவது இருந்தா விக்கறதுக்கு முன்னாடி சரி பண்ணு, இல்லேன்னா வாங்கறவனுக்கு அவன் ஊர்ல ரிஜிஸ்டர் ஆகாது. கலிஃபோர்னியால மட்டும் கேளு, இந்த மாதிரி வண்டிக்கு வருஷத்துக்கு 500 பேருக்குத்தான் எமிஷன் (புகை) விதில சலுகை, வருஷம் பொறந்ததும் முதல்ல வரவனுக்கு முதல்ல. அந்த சலுகைய ஏற்கனவே வாங்கி வச்சிருக்கற வண்டின்னா அந்த ஊர்ல அதுக்கே தனி மதிப்பு. இங்கிலாந்துல Q-ன்னு ஆரம்பிக்கற நம்பர் பிளேட் விழுந்துட்டா விலை இறங்கிடும்பாங்க, அதுவும் இதே கதைதான், வண்டி அதேதான் ஆனா அதோட வயசும் பூர்வீகமும் சந்தேகம்னு அந்தப் பிளேட்டே சொல்லிடுது.

எஞ்சின் பத்தி ஒளிக்காத. வெளிய 427ன்னு பெரிய எஞ்சினோட பேட்ஜ், உள்ள உன் 351 விண்ட்சர், அத விட சின்ன எஞ்சின், அதத் தெளிவா எழுதிடு. நிஜ 427 பிளாக்கு வேணும்னு வரவன் வேற ஆளு, அவன் பட்ஜெட்டும் வேற. அதே மாதிரி "ரெப்ளிகா"ங்கற வார்த்தைய விளம்பரத்துல மொத வரியிலயே போடு.

அந்த ஊதா கலர் சீட்டு, டேஷ்ல வச்ச பெரிய ஸ்க்ரீன் எல்லாம் உனக்கு உசுரு, எனக்குத் தெரியும், ஆனா அதுக்கெல்லாம் யாரும் கூட குடுக்க மாட்டாங்க, சில பேரு அத மாத்த ஆகற செலவக் கழிச்சுதான் கேப்பாங்க. வீடு கட்டி மாடர்ன் கிச்சனுக்கு கொட்டினத வாங்கறவன் தலைல கட்ட முடியாதுல்ல, அதே கணக்கு. நீல பாடி, வெள்ளக் கோடு, கருப்பு சீட்டு, அலுப்பான ஸ்பெக், ஆனா சீக்கிரம் போறது அதுதான். முடிஞ்சா பழைய கருப்பு சீட்டு இருந்தா தேடி மாட்டிடு.

பழைய போன்டியாக் ஃபியேரோ கார் மேல ஃபெராரி மாதிரி பாடி போட்டு வித்தாங்களே ஞாபகம் இருக்கா? அதெல்லாம் விலை போகாததுக்குக் காரணம் தெரியுமா, அதுக்கு பக்கத்துல போய் நின்னா ஏமாத்தற மாதிரியே இருக்கும். கோப்ரா அப்படி இல்ல, வி8 போட்ட லேசான வண்டி, ஓட்டறதும் சத்தமும் கிட்டத்தட்ட அசல் மாதிரியே, ரெப்ளிகான்னு எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் கோவம் வரதில்ல. லோட்டஸ் செவன்ங்கற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட உரிமைய 1973ல கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கி இன்னிக்கு வரைக்கும் பண்ணிகிட்டு இருக்கான், பழைய கேட்டர்ஹாம் விலையும் சட்டுனு விழறதில்ல. ஜனங்க பேரப் பாத்து மட்டும் வாங்கறதில்ல, ஓட்டிப் பாத்து வாங்கறாங்க.

வண்டி பக்கவாட்டுல சூடா ஓடற புகைக்குழாய், அந்த சைடு பைப்புக்கு மேல ஏதாவது காப்பு போட்டு வைடா, ஓட்டிப் பாக்க வரவன் இறங்கும்போது காலச் சுட்டுகிட்டான்னா அதோட வியாபாரம் காலி. இன்னொண்ணு, இன்சூரன்ஸ் அக்ரீட் வேல்யூல, அதான் வண்டிக்கு இவ்ளோன்னு கம்பெனியோட முன்னாடியே பேசி வச்ச தொகைல, வச்சிருக்கியா? இருந்தா அந்த பாலிசியையும் ஃபைல்ல சேத்துக்க, ஆனா அந்தத் தொகையவே விலையா கேக்காத. உன் கிட்டோட அதே மார்க் (வெர்ஷன்), அதே மாதிரி எஞ்சின், சமீபத்துல நிஜமாவே வித்துப் போன விலைய மட்டும் தேடு. கேக்கற விலை எவன் வேணா போடலாம்.

ஃபைல் ரெடியானதும் டைட்டில் போட்டோவும் டேஷுக்கு அடியில எடுத்த போட்டோவும் எனக்கு அனுப்பு, பாத்துட்டு ஒரு விலை சொல்றேன், அது வரைக்கும் எவன் கிட்டயும் நம்பர் சொல்லாத. அந்த ஸ்பேர் கார்பரேட்டர வண்டியோட சேத்து குடுத்துடாத, தனியா வித்தா தனி காசு. மாலதிய கேட்டேன்னு சொல்லு.

உன்
முரளி