செயலாளர் ஆண்டறிக்கை: அவசர மருத்துவ மாநாட்டுப் பயிலரங்குகளும் கூடுகைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்த மருத்துவர்களே, செவிலியர்களே, ஆம்புலன்ஸ் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம். இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி மதுரையில் நாம் நடத்திய அவசர மருத்துவ மாநாட்டுக்கே சென்றது. மேடை உரைகளை எந்த ஊரிலும் கேட்டுக்கொள்ளலாம். நம் வட்டாரத்து நோயாளிக்கு நேராகப் போய்ச் சேர்வது, கையைப் பழக்கிய பயிலரங்குகளும் ஆளுக்கு ஆள் முகம் அறியவைத்த மாலைக் கூடுகைகளும்தான். ஆகவே அவற்றை மட்டும், அடுத்து நடத்துவோருக்கு உதவும்படி செய்முறையோடு பதிவு செய்கிறேன்.

நாள் குறிப்பதில் தை மாதத்தை முதலிலேயே விலக்கினோம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள்களில் ஜல்லிக்கட்டு நடக்கும்போது எந்த அவசரப் பிரிவிலிருந்தும் ஆளை விடமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவின்போது விடுதி அறை கிடைக்காது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் திருமண மண்டபம் எளிதில் அமைந்தது. பயிலரங்குக்கு மண்டபத்தின் பந்தி அறையைப் போல் வசதியான இடம் வேறில்லை: நீள மேசை, கை கழுவும் தொட்டி, தண்ணீர் ஓடும் தரை எல்லாம் தயாராக இருக்கும். ஸ்கேன் கருவிகளுக்கு மட்டும் தனி மின்இணைப்பும் யுபிஎஸ்ஸும் வேண்டும். சமையலறை கிரைண்டர் ஓடும் அதே இணைப்பில் செருகினால் மின்னழுத்தம் இறங்கிக் கருவி அணைந்துவிடும்.

மேசைக்கு ஆறு பேர், ஒரு பயிற்றுநர் என்பதில் செயற்குழு விட்டுக்கொடுக்கவில்லை. நாற்பது நிமிடச் சுற்றில் ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு முறை செய்துபார்க்கலாம். பத்துப் பேரைச் சேர்த்தால் பின்னால் நிற்பவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். கட்டணம் கூடுதலாக வரும் என்பதற்காக இந்த எண்ணிக்கையை இனிவரும் குழுக்களும் உயர்த்தக் கூடாது என்று வேண்டுகிறேன்.

சுவாசப்பாதைப் பயிலரங்கில் கழுத்தைத் திறந்து டியூப் போடும் பயிற்சிக்கு ஆட்டின் குரல்வளையும் மூச்சுக்குழாயும் பயன்பட்டன. கசாப்புக் கடையில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் தலையை அறுக்கும்போது குரல்வளை இரண்டாகப் போய்விடும், பயிற்சிக்கு வேண்டிய, குரல்வளையின் முன்புறக் குருத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வே இருக்காது. ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும். ஃப்ரீசரில் உறையவைத்தால் உள்ளே இறுகிக்கிடந்து, கத்தி இறங்கும் உணர்வு பொய்யாகிவிடும். மேலே பழைய கையுறையை இழுத்து ஒட்டினால் தோலுக்கு ஈடாகும். முறை இதுதான்: 10ஆம் எண் பிளேடால் சவ்வில் குறுக்கே குத்தி, கூர்முனை கால் பக்கம் பார்க்கும்படி பிளேடைத் திருப்பி, அதை ஒட்டியே பூஜி என்னும் வளையக்கூடிய மெல்லிய வழிகாட்டிக் குச்சியை உள்ளே விட்டு, பூஜியின் மேல் 6.0 அளவு டியூபைச் செலுத்த வேண்டும். தவறுகள் இரண்டு இடத்தில் நேர்கின்றன. சவ்வுக்குப் பதில் அதற்குக் கீழுள்ள இடைவெளியில் குத்துவது ஒன்று. துளை விழுந்ததும் பிளேடை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு வழியைத் தேடுவது இன்னொன்று. அப்போதுதான் பூஜி குழாய்க்குள் போகாமல் பக்கத்துத் திசுவுக்குள் போகிறது. இறைச்சியைத் தொட விரும்பாதவர்களுக்குச் சிலிக்கான் மாதிரியோடு தனி மேசை போட்டோம். அது எப்போதும் இருக்க வேண்டும். பிளேடுகள் அனைத்தும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கே போக வேண்டும், இலை எடுக்கும் குப்பைக் கூடைக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் பயிலரங்குக்கு முதல் வேலை அனுமதி. 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறியும் தடைச் சட்டப்படி, பதிவுபெறாத இடத்தில் ஸ்கேன் கருவியை நம் விருப்பத்துக்கு இயக்க முடியாது. கருவியின் வரிசை எண், கொண்டுவரும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றோடு மாவட்ட உரிய அதிகாரிக்கு எழுதி, பதில் கைக்கு வந்த பிறகே அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பயிற்சிக்கு அமர்த்தவே கூடாது.

ஊசி செலுத்திப் பழகும் மாதிரிகளை நாமே செய்யலாம். கடையில் வாங்கினால் விலை மிக அதிகம். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஜெலட்டினும் இரண்டு கரண்டி இசப்கோலும் கலந்து, நுரையை வழித்தெடுத்துவிட்டுப் பாதி அளவு ஊற்றி உறையவிட வேண்டும். அதன்மேல் தண்ணீர் நிரப்பிய நீள பலூனை ரத்தக் குழாயாகக் கிடத்தி மீதியை ஊற்ற வேண்டும். இசப்கோல் சேர்க்காவிட்டால் திரை வெறும் கறுப்பாக இருக்கும், சதை போலத் தெரியாது. நுரையை விட்டுவிட்டால் ஒவ்வொரு குமிழியும் நிழல் போடும். மதுரை வெயிலில் ஜெலட்டின் இளகிவிடுவதால் ஐஸ் பெட்டி கட்டாயம். ஜிகர்தண்டாவில் போடும் கடற்பாசியை லிட்டருக்கு 30 கிராம் வீதம் காய்ச்சினாலும் மாதிரி வரும். அது வெயிலைத் தாங்கும், ஆனால் ஊசி பலமுறை பட்டால் பொடிந்துவிடும். ஜெலட்டினில் ஊசித்தடம் வெள்ளைக் கோடாகப் படியும்போது உருக்கி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

பாம்புக்கடி, பூச்சிமருந்து மேசைக்குத்தான் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிக நேரம் கேட்டார்கள். அங்கே முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் அது நியாயமான கோரிக்கை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கான 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை அனைவரும் செய்துபார்த்தனர். புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். அதை நம்பித் தேவையில்லாத நச்சுமுறிவு மருந்து ஏறிவிடும். இடையில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் முடிவைக் கெடுக்கும்.

நச்சுமுறிவு மருந்தைக் கரைப்பதற்குக் காலாவதியான குப்பிகளைச் சேர்த்துவைத்திருந்தோம். தொடக்க அளவு 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குப்பிக்கு 10 மில்லி நீர் விட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், மருந்தும் வீணாகும். ஒருவரே பத்தையும் கரைக்க நின்றால் நேரம் கரைந்துவிடும் என்பதை எல்லோரும் கையால் உணர்ந்தார்கள். ஒவ்வாமை பார்க்கும் சோதனை ஊசி தேவையில்லை. ஆனால் சொட்டு தொடங்குமுன் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தபின் ஆம்பூலைத் தேடக் கூடாது. கட்டுவிரியன் கடியில் பல் தடமோ வீக்கமோ இல்லாமல் போகலாம் என்பதால், தரையில் படுத்துறங்கியவர் விடியலில் வயிற்றுவலியோடும் சொருகும் கண்ணிமையோடும் வந்தால் அதை நினைக்க வேண்டும் என்பதும் அழுத்திச் சொல்லப்பட்டது.

பூச்சிமருந்து நஞ்சுக்கு முறிவாகத் தரும் அட்ரோபின் மருந்தின் கணக்கு அடுத்தது. நம் ஊர் ஆம்பூலில் 0.6 மில்லிகிராம் இருக்கும். 3 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் 5, 10, 20 ஆம்பூல் என்று ஏறும். மூன்றே சுற்றில் 35 ஆம்பூல் உடைக்க வேண்டும். மருந்து எழுதுவது எளிது, உடைத்து உறிஞ்சுவதற்கு இரண்டு பேரைத் தனியே நிறுத்தாவிட்டால் அளவு பின்தங்கும். நெஞ்சுச் சத்தம் தெளிவதும், நாடித்துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் 80ஐத் தாண்டுவதும், அக்குள் உலர்வதும்தான் இலக்கு. கண்மணியை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது.

பொதுமக்களுக்கான இதய இயக்க மீட்பு (சிபிஆர்) வகுப்புக்கு ஆட்டோ ஓட்டுநர்களும் திருவிழாத் தொண்டர்களும் வந்தார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பை முழுக்க மேலெழவிடுவது. விபத்தில் உதவினால் போலீஸ் வழக்கில் இழுத்துவிடுவார்களோ என்ற கேள்வி பலமுறை எழுந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு உதவுவோரைக் காக்கிறது என்று துண்டறிக்கை கொடுத்தோம்.

மாலைக் கூடுகைகள். இரவு விருந்தில் பதவி வரிசைப்படி அமர்த்தாமல், தாலுகா மருத்துவமனை மருத்துவரும் அவர் நோயாளியை அனுப்பும் நகரப் பிரிவின் மருத்துவரும் செவிலியரும் ஒரே மேசையில் உட்காரும்படி செய்தோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்தால், நோயாளி வந்து சேரும் முன்பே படுக்கையும் வென்டிலேட்டரும் தயாராகும். அறிமுகமில்லாத குரலுக்குப் பதில் தாமதமாகத்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் பணிநேர எண்கள் கொண்ட அட்டை வைத்தோம். கரகாட்டமும் நையாண்டி மேளமும் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்ததால் பேச்சுக்கு இடம் இருந்தது. விருந்து முடிந்து திரும்பும் பெண் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வேன் ஏற்பாடு செய்தோம். இதை விருந்துச் செலவின் பகுதியாகவே எப்போதும் எழுத வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயில் நடைப்பயணத்தை விடியற்காலையில் வைத்தோம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது என்பதால் அவசர அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய பணியில் இருப்போரை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி உள்ளே போகும்போது மற்றது மாசி வீதிகளைச் சுற்றிவந்தது. குடும்பத்தார் கீழடி அருங்காட்சியகம் சென்றுவந்தனர்.

செயற்குழுவின் முடிவுக்கு மூன்று வேண்டுகோள்கள்: மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் கருவி ஒன்றைச் சங்கத்துக்குச் சொந்தமாக வாங்குதல், காலாவதியான குப்பிகளையும் ஆம்பூல்களையும் ஆண்டு முழுவதும் பயிற்சிக்கெனச் சேகரித்தல், தாலுகா செவிலியர்களுக்குப் பயிலரங்குக் கட்டணத்தை முழுவதும் நீக்குதல். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
மதுரை